மூன்று பட்டங்கள், நான்கு ஆண்டுகள்: ஃப்ரீமேசன் லாட்ஜ் பற்றிய ஒரு மதிப்புரை

கல்தச்சர்களின் கருவிகளையும் கதைகளையும் குறியீடாகக் கொண்டு ஒழுக்கம் கற்பிக்கும் சகோதர அமைப்பு ஃப்ரீமேசன்ரி; அதன் கிளைச் சங்கத்துக்கு லாட்ஜ் என்று பெயர். அப்படி ஒரு லாட்ஜில் சேர்ந்து, சடங்கின் வழியே தரப்படும் உறுப்பினர் படிகளான மூன்று பட்டங்களையும் 14 மாதங்களில் பெற்று, அதன் பிறகு மூன்று ஆண்டுகளாக அதே லாட்ஜில் சிறு பொறுப்புகளில் இருந்து வருகிறேன். சேர விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான்: உள்ளே என்ன நடக்கிறது, எவ்வளவு சீக்கிரம் மேல் பட்டத்துக்குப் போகலாம். முதல் கேள்விக்குச் சொல்லத்தக்க பதிலை இங்கே சொல்கிறேன். இரண்டாவதற்கு என் பதில், அப்படிக் கேட்கத் தோன்றுகிறவரை அந்தப் பக்கம் போகவேண்டாம் என்பதே. ஒரு பட்டத்துக்கும் அடுத்த பட்டத்துக்கும் நடுவிலுள்ள காலத்தை உங்கள் லாட்ஜ் எப்படி நடத்துகிறது என்பதைப் பொறுத்தே நீங்கள் கட்டும் சந்தா வீணா பயனா என்பது தீர்மானமாகும் என்று நான் கருதுகிறேன்.

எதைச் சொல்லப் போவதில்லை என்பதையும் முன்பே தெரிவித்துவிடுகிறேன். ஒவ்வொரு பட்டத்திலும் கற்றுத்தரப்படும் கைப்பிடி, சைகை, சொல் ஆகிய மூன்றையும் வெளியிடுவதில்லை என்று உறுதி கூறியிருக்கிறேன். ஆகவே அவை இங்கே இல்லை. சடங்கின் மற்றப் பகுதிகளை எழுதுவதில் எனக்குத் தயக்கம் கிடையாது. 1730-இலேயே லண்டனில் ஒரு சிறு பிரசுரம் மூன்று பட்டங்களின் கேள்வி பதில்களையும் அச்சிட்டு விற்றுவிட்டது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாகக் கடைகளில் கிடைக்கும் ஒன்றை இரகசியம் என்று காத்துக்கொண்டிருப்பதில் வேடிக்கைதான் உண்டு. ஆனாலும் மூன்றாம் பட்டத்தின் கதையை மட்டும் வேறொரு காரணத்துக்காக மறைக்கிறேன். அந்தக் காரணம் உரிய இடத்தில் வரும்.

லாட்ஜ் என்றதும் நமக்குத் தங்கும் விடுதிதான் நினைவுக்கு வரும். வீட்டில் முதன்முறை 'லாட்ஜுக்குப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பியபோது விளக்கம் கொடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. உண்மையில் இச்சொல் இடைக்காலக் கல்தச்சர்கள் பேராலயங்களைக் கட்டும்போது கட்டுமான இடத்தருகே போட்டுக்கொண்ட கொட்டகையைக் குறித்தது. அங்கேதான் கருவிகளை வைத்தார்கள், கல் செதுக்கினார்கள், பயிற்சி பெற வந்த சிறுவர்களுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள். ஸ்காட்லாந்தில் 1598-இல் அரசரின் கட்டுமானத் தலைவராக இருந்த வில்லியம் ஷா இயற்றிய விதிகள் ஒரு பயிலுநர் குறைந்தது ஏழு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்றும், அதற்கு மேல் இன்னும் ஏழு ஆண்டுகள் கழித்தே அவரைச் சக தொழிலாளியாக ஏற்கலாம் என்றும் கூறின. முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு 14 ஆண்டுகள். எனக்கு மூன்று பட்டங்களும் 14 மாதங்களில் கிடைத்தன என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த ஒப்பீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் கல்லைத் தொட்டறியாதவர்களும் இந்தக் கொட்டகைக்குள் வரத் தொடங்கினார்கள். 1646-இல் வாரிங்டனில் தாம் ஃப்ரீமேசன் ஆக்கப்பட்டதைப் பழம்பொருள் ஆர்வலரான இலையஸ் ஆஷ்மோல் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். லண்டனில் நான்கு லாட்ஜுகள் கூடி லாட்ஜுகளுக்குத் தலைமை அமைப்பான முதல் பெரும் லாட்ஜை அமைத்தது 1717-இல் என்பது மரபு சொல்லும் கணக்கு; 1721 என்றே கொள்ள வேண்டும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். 1723-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த சட்ட நூல் வெளிவந்தபோது தெளிவாக இருந்தவை இரண்டு படிகள்தான். மூன்றாவது அதன் பின்னர், 1720-களில் உருப்பெற்றது. பின்னாளில் பிரிந்து நின்ற இரண்டு பெரும் லாட்ஜுகள் 1813-இல் ஒன்றாகி இங்கிலாந்தின் ஐக்கிய பெரும் லாட்ஜ் பிறந்தபோது, பட்டங்கள் மூன்றே, அதற்கு மேல் இல்லை என்று எழுத்தில் வைத்தார்கள். அதே வாக்கியத்தில் ராயல் ஆர்ச் என்பதையும் உள்ளடக்கிக்கொண்டார்கள். மூன்று என்று சொல்லிவிட்டு நான்காவதை ஓரமாக உள்ளே விட்ட அந்தச் சாமர்த்தியத்தைப் பற்றி மேசன்களே இன்றும் கேலி பேசிக்கொள்வார்கள்.

சேர்வதற்கான வழிமுறையைப் பொறுத்தவரை எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆங்கில மரபில் பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு பரம்பொருளின் மீது நம்பிக்கை இருக்க வேண்டும், அது எந்தச் சமயத்தின் பரம்பொருள் என்று கேட்க மாட்டார்கள். லாட்ஜுக்குள் சமயமும் அரசியலும் பேசக்கூடாது என்பது கண்டிப்பான விதி. அதை முதலில் கட்டுப்பாடாக நினைத்தேன். இன்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் அவ்விரண்டும் காதில் விழாத இடம் வேறு எங்கே கிடைக்கும் என்று நினைக்கிறேன். உறுப்பினர்கள் இரகசிய வாக்களிப்பார்கள். ஒரு பெட்டிக்குள் கையை விட்டு வெள்ளை அல்லது கறுப்பு உருண்டையைப் போடுவது பழைய முறை. இங்கிலாந்தில் மூன்று கறுப்பு உருண்டைகள் விழுந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. லாட்ஜின் உள்விதி அந்த எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். இந்த வகை லாட்ஜுகளில் ஆண்களுக்கு மட்டுமே இடம் உண்டு. பெண்களுக்கெனவும் இரு பாலருக்குமெனவும் தனி அமைப்புகள் இருக்கின்றன; 1893-இல் பாரிஸில் தொடங்கிய லெ த்ருவா யுமேன் அவற்றுள் முன்னோடி.

இனி முதல் பட்டம். இதன் ஆங்கிலப் பெயர் என்டர்டு அப்ரென்டிஸ், அதாவது பதிவேட்டில் பெயர் ஏறிய பயிலுநர்.

அன்று மாலை லாட்ஜ் கூடத்துக்கு வெளியே இருந்த சிற்றறையில் என்னிடமிருந்து பணப்பை, சாவிக்கொத்து, கைக்கடிகாரம், பெல்ட் என்று உலோகமாகவோ பணமாகவோ இருந்த எல்லாவற்றையும் வாங்கி ஒரு தட்டில் வைத்தார்கள். கழற்ற வராத மோதிரத்தின் மேல் ஒட்டுநாடாவைச் சுற்றினார்கள். வலக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்து, இடது மார்பு தெரியும்படி பொத்தான்களைத் திறந்து, இடது காலின் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, வலது காலுக்கு மட்டும் தேய்ந்த செருப்பொன்றைக் கொடுத்தார்கள். கழுத்தில் ஒரு கயிற்றுச் சுருக்கு விழுந்தது. கடைசியாகக் கண்ணைக் கட்டினார்கள். கதவுக்கு வெளியே வாளோடு நிற்கும் டைலர் என்ற காவலர் 70 வயதைத் தாண்டியவர் போல் மெதுவாகப் பேசி, 'பயப்பட ஒன்றுமில்லை தம்பி, கையை மட்டும் விடாதே' என்றார். என் வயது அப்போது 41; நல்லவேளை, கண் கட்டியிருந்ததால் தம்பி என்றதும் வந்த சிரிப்பை அடக்குவது எளிதாக இருந்தது.

அரைகுறை ஆடையுடன், ஒரு காலில் செருப்புடன், யாரென்று தெரியாத ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டு, எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாத ஒரு கூடத்தைச் சுற்றி நடப்பது எப்படியிருக்கும் என்பதை எழுதிக் காட்ட முடியாது. பதவியும் படிப்பும் வங்கிக் கணக்கும் அந்தத் தட்டிலேயே வெளியே இருந்துவிடுகின்றன. உறுதிமொழி கூறியபின் கட்டை அவிழ்த்தபோது முதலில் கண்ணில் பட வேண்டியவை மூன்று என்று வகுத்திருக்கிறார்கள்: அவரவர் நம்பும் மறைநூல், அதன்மேல் மூலைமட்டம், கவராயம். கவராயத்தின் இரண்டு முனைகளும் மூலைமட்டத்துக்கு அடியில் மறைந்திருந்தன. இரண்டாம் பட்டத்தில் ஒரு முனை மேலே வரும், மூன்றாம் பட்டத்தில் இரண்டும் மேலே வரும். இவ்வளவு சிறிய மாற்றத்தில் இவ்வளவு பெரிய வளர்ச்சியைச் சொல்லிவிடும் அழகுக்காகவே இந்த அமைப்பை வடிவமைத்தவர்களைப் பாராட்டலாம்.

ஆனால் அன்றைய இரவின் உச்சம் வேறொன்று. என்னைக் கூடத்தின் வடகிழக்கு மூலையில் நிறுத்தினார்கள். கட்டடத்தின் முதல் கல் வைக்கும் மூலை என்பதால் அந்த இடம். அங்கே வைத்து, வறியோருக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டு ஒரு தட்டை நீட்டினார்கள். பழக்கதோஷத்தில் கை சட்டைப் பைக்குப் போயிற்று. பை வெறுமையாக இருந்தது. எல்லாவற்றையும் வெளியே வாங்கி வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்தாம். கொடுக்க மனம் இருந்தும் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கும் கூச்சம் சில விநாடிகள்தான் நீடித்தது. அதன் பிறகு, இப்படி நிற்கும் ஒருவரை இனி சந்திக்கும்போது இந்த நொடியை நினைத்துக்கொள் என்றார்கள். ஈகையைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன், கேட்டிருக்கிறேன். எதுவும் இப்படிக் கன்னத்தில் அறைந்தாற்போல் சொன்னதில்லை. முதல் பட்டத்துக்கு என் மதிப்பெண் முழுமையானது.

இந்தப் பட்டத்தின் கருவிகள் 24 அங்குல அளவுகோல், சுத்தியல், உளி. அளவுகோலின் 24 அங்குலங்களும் நாளின் 24 மணி நேரம். அதைப் பிரார்த்தனைக்கும் உழைப்புக்கும் ஓய்வுக்கும் பிறருக்கு உதவுவதற்கும் பங்கிட வேண்டும் என்பது விளக்கம். விளக்கம் எளிமையானது, ஏன், சற்றுக் குழந்தைத்தனமானது என்றுகூடச் சொல்லலாம். அந்த எளிமையை நான் மதிக்கத் தொடங்கியது பின்னால்தான். வெள்ளை ஆட்டுத்தோலால் ஆன, எந்த அலங்காரமும் இல்லாத ஏப்ரன் ஒன்றையும் இடுப்பில் கட்டிவிட்டார்கள்.

அதன் பிறகு ஐந்து மாதங்கள் இடைவெளி. இரண்டாம் பட்டத்துக்குப் போவதற்கு முன் லாட்ஜ் முழுவதும் கேட்க, வரிசையாக வரும் கேள்விகளுக்கு மனப்பாடமாக விடை சொல்ல வேண்டும். ஃப்ரீமேசன்ரி என்றால் என்ன என்பது அவற்றில் ஒன்று. உருவகத்தால் போர்த்தப்பட்டு, குறியீடுகளால் விளக்கப்படும் தனித்தன்மை வாய்ந்த ஓர் ஒழுக்க முறை என்பது விடை. பழைய ஆங்கிலத்தில், மூச்சு விட இடம் தராத வாக்கியங்களில் இருக்கும் இவற்றை நெட்டுருப் போட எனக்கு ஒரு பெரியவர் துணை நின்றார். லாட்ஜில் எல்லாரும் சகோதரர்கள், அப்படித்தான் விளிக்க வேண்டும்; ஆனால் என் அப்பாவின் வயதுடைய ஒருவரைப் பெயர் சொல்லிச் சகோதரர் என்று கூப்பிட நாக்கு வளைய ஓராண்டு ஆயிற்று, அதுவரை ஐயா என்றே அழைத்தேன். அவர் ஒவ்வொரு விடையையும் ஒப்பிக்க வைத்துவிட்டு, 'சரி, இதில் எந்தச் சொல் தேவையில்லாதது?' என்று கேட்பார். தேவையில்லாத சொல்லைத் தேடப் போய் ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். இந்த ஐந்து மாதங்கள்தான் என் நான்கு ஆண்டு உறுப்பினர் வாழ்வில் மிகுந்த மதிப்புள்ள பகுதி. இது எந்த விளம்பரத் தாளிலும் இருக்காது. எல்லா லாட்ஜிலும் கிடைக்கவும் கிடைக்காது.

இரண்டாம் பட்டமான ஃபெல்லோ கிராஃப்டில்தான், அதாவது சக தொழிலாளி பட்டத்தில்தான், எனக்கு ஏமாற்றம். மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளையைப் போல இதை எல்லாரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சடங்கு என்ற அளவில் முதல் பட்டத்தின் அதிர்ச்சியும் இதில் இல்லை, மூன்றாம் பட்டத்தின் கனமும் இல்லை. ஆனால் பொருள் என்ற அளவில் மூன்றிலும் இதுவே மிகச் செழிப்பானது: இயற்கையின், அறிவியலின் மறைபொருள்களை ஆராயும்படி உறுப்பினரைத் தூண்டுவது, சாலமோனின் ஆலயத்தில் சுழற்படிக்கட்டு ஏறி நடு அறைக்குப் போய்க் கூலி வாங்கிய தொழிலாளர்களின் கதை, இலக்கணம் முதல் வானியல் வரையிலான ஏழு கலைகள், வாயிலில் நின்ற போவாஸ், யாக்கீன் என்ற இரண்டு தூண்கள். கருவிகள் மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு. கட்டட வேலை நடக்கும் எந்த இடத்திலும் ஒரு கொத்தனாரின் கையில் இம்மூன்றும் சுண்ணாம்பும் சிமென்டும் ஒட்டிக் கிடக்கும். லாட்ஜில் அவை மெத்தைமீது பளபளவென்று படுத்திருக்கும். சுவரின் நேர்மையைத் தூக்குக்குண்டு காட்டிக்கொடுப்பதைப் போல உன் நடத்தையைக் காட்டிக்கொடுப்பது எது என்று ஒரு மணி நேரம் பேசலாம். அன்று அதற்கு ஒதுக்கப்பட்டது ஒன்றரை நிமிடம்.

அன்றைய சடங்கை நடத்தியவர் பாதிக்கு மேல் புத்தகத்தைப் பார்த்துப் படித்தார், அதிலும் ஒரு பக்கத்தைத் தவறுதலாகத் தாண்டிப்போய்த் திரும்பி வந்தார். குறியீடுகள் வரைந்த பலகையைக் காட்டிப் படிக்கட்டையும் தூண்களையும் விளக்கும் வரைபலகை உரையை 'நேரமாகிவிட்டது, விருந்து ஆறிவிடும்' என்று ஒத்திவைத்தார்கள்; ஒத்திவைத்த உரை அதன் பிறகு நடக்கவே இல்லை. நானாகவே அந்த உரையின் அச்சுப் பிரதியைத் தேடிப் படித்தேன். அதில் ஒவ்வொரு தூணும் பதினேழரை முழம் உயரம் என்று இருந்தது. விவிலியத்தில் அரசர்கள் முதல் நூலைப் பார்த்தால் 18 முழம். குறிப்பேடுகள் இரண்டாம் நூலைப் பார்த்தால் 35 முழம். மூன்று இடங்களில் மூன்று கணக்கு. லாட்ஜில் கேட்டேன். ஒருவர் அச்சுப்பிழையாக இருக்கும் என்றார், இன்னொருவர் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்றார். மேலே சொன்ன பெரியவர்தான் ஒரு தாளை எடுத்து 35 என்று எழுதி, கீழே இரண்டு என்று எழுதி வகுத்துக் காட்டினார்: இரண்டு தூண்களின் உயரத்தையும் சேர்த்துச் சொன்னதாகக் கொண்டு, சடங்கை எழுதியவர்கள் பாதியாக்கியிருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். சரியோ தவறோ, ஆராயச் சொல்லும் பட்டத்தில் நான் ஆராய்ந்த ஒரே விஷயம் அது, அதையும் லாட்ஜ் எனக்குத் தரவில்லை. இரண்டாம் பட்டத்துக்கு என் மதிப்பெண் பாதிக்கும் குறைவு. குறை பட்டத்தின்மீது இல்லை, பரிமாறிய விதத்தின்மீது.

மூன்றாம் பட்டமான மாஸ்டர் மேசனுக்கு ஒன்பது மாதங்கள் காத்திருந்தேன். நியாயமான காரணம் எதுவும் இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் இருவர் இருந்தார்கள், ஒரு கூட்டம் தேர்தலுக்கும் மற்றொன்று கணக்கு வழக்குக்கும் போயிற்று. பொறுமையிழந்து, இணையத்தில் கதையைப் படித்துவிடலாமா என்று பலமுறை நினைத்தேன். படிக்காமல் இருந்தேன். அது என் வாழ்வின் நல்ல முடிவுகளில் ஒன்று என்பதால்தான் இங்கே அதை எழுதாமல் விடுகிறேன். இந்த அளவு மட்டும் சொல்லலாம்: கதையின் நாயகர் ஹீராம், சாலமோனின் ஆலயத்தைக் கட்டிய கைவினைஞர். விவிலியத்தில் அவர் ஒரு விதவையின் மகன், வெண்கல வேலையில் தேர்ந்தவர். வேலையை முடித்தார் என்பதோடு அவரை அந்நூல் விட்டுவிடுகிறது. லாட்ஜின் கதை அங்கிருந்து விலகித் தன் வழியே செல்கிறது. கூடத்தின் விளக்குகள் அணைக்கப்பட்டு, கிழக்கே லாட்ஜின் தலைவரான மாஸ்டரின் பக்கத்தில் ஒரு சிறு வெளிச்சம் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. கதையைக் கேட்கும் ஆளாகத்தான் உள்ளே போனேன். எந்த நிமிடத்தில் நான் கேட்பவன் என்பதிலிருந்து மாறிப்போனேன் என்று இன்றும் என்னால் குறிப்பாகச் சொல்ல முடியவில்லை. முன்கூட்டிப் படித்துவிட்டு வந்த ஒரு நண்பர், 'அடுத்து என்ன வரும் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன், அதற்குள் முடிந்துவிட்டது' என்றார். அவர் இழந்ததைத் திரும்பப் பெற வழியில்லை, ஏனென்றால் ஒரு பட்டத்தைப் பெறுபவராக ஒருமுறைதான் உள்ளே போக முடியும்.

அந்த இரவுக்குப் பிறகு ஏப்ரனில் வானநீலக் கரையும் குஞ்சங்களும் மூன்று வட்டப் பூக்களும் வந்து சேர்ந்தன. பலருக்கு இங்கே ஒரு வெறுமை வரும், எனக்கும் வந்தது. மாஸ்டர் மேசன் ஆகிவிட்டோம், இனி என்ன? அடுத்த சில கூட்டங்களில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, கடந்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஏற்பதா திருத்துவதா என்று இருபது நிமிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த அமைப்பு உலகத்தை இரகசியமாக ஆளுகிறது என்று நம்புகிறவர்களை அப்படி ஒரு கூட்டத்துக்கு அழைத்து வர அனுமதி இருந்தால் நன்றாக இருக்கும். எங்களுக்குப் பின் சேர்ந்தவர்களில் மூன்று பட்டங்களை முடித்தபின் வராமலே போனவர்கள் பலர். குறை அவர்களிடம் மட்டும் இல்லை. வாங்கவேண்டிய பட்டம் இருந்தவரை அவர்களைக் கவனித்த லாட்ஜ் அதன் பின் கவனிக்கவில்லை.

என்னைத் தங்க வைத்தது பொறுப்பேற்றதுதான். லாட்ஜில் பொறுப்புகளுக்கு ஒரு வரிசை உண்டு: ஸ்டூவர்ட், இன்னர் கார்டு, ஜூனியர் டீக்கன், சீனியர் டீக்கன், இரண்டு வார்டன்கள், அதன் பின் மாஸ்டர். ஆண்டுக்கு ஒரு படி என்றாலும் ஏழு ஆண்டுகளாவது ஆகும். ஷாவின் பழைய விதியில் இருந்த ஏழு ஆண்டு இங்கேதான் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சென்ற ஆண்டு ஜூனியர் டீக்கன் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் பட்டத்துக்கு வருபவரைக் கண்கட்டோடு வாசலில் ஏற்று, கையைப் பிடித்துக் கூடம் முழுக்க நடத்திச் செல்வதும், அவர் சொல்லவேண்டிய விடைகளைக் காதில் மெல்லச் சொல்லிக்கொடுப்பதும் ஜூனியர் டீக்கனின் வேலை. இரண்டு மாதங்கள் வீட்டு மொட்டைமாடியில் நாற்காலிகளை நான்கு திசையிலும் போட்டு, மூலைகளில் சதுரமாகத் திரும்பிப் பழகினேன். சடங்கு நடந்த அன்று வாசலில் நான் பற்றிய கை ஐஸ்கட்டியாகக் குளிர்ந்திருந்தது. இரண்டாவது சுற்றில் அவர் என் விரல்களை இறுக்கிப் பிடித்த அழுத்தத்தை வைத்தே எந்த இடத்தில் பயப்படுகிறார், எந்த இடத்தில் கேட்கத் தொடங்குகிறார் என்று தெரிந்தது. வடகிழக்கு மூலையில் தட்டை நீட்டவேண்டியவன் நானே. அவர் கை சட்டைப் பையை நோக்கிப் போனதைப் பார்த்தேன். கண்கட்டோடு நான் தவறவிட்ட முதல் பட்டத்தை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

இதனால்தான் வேகத்தைப் பற்றிய பேச்சு எனக்குக் கசக்கிறது. இங்கிலாந்தின் விதி ஒரு பட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நான்கு வாரங்களாவது இருக்க வேண்டும் என்று குறைந்த அளவைத்தான் வகுக்கிறது; பல லாட்ஜுகள் அதையே இலக்காக எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் சில மாநிலங்களில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோரை மூன்று பட்டங்களுக்கும் கொண்டுசெல்லும் நிகழ்ச்சிகளும் நடந்திருக்கின்றன: ஒருவர் எல்லாருக்குமாக மேடையில் சடங்கைப் பெறுவார், மற்றவர்கள் அரங்கில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நேரமில்லாதவர்களுக்கு வழி செய்கிறோம் என்பது அவர்கள் வாதம். வடகிழக்கு மூலையில் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்காதவருக்கு அங்கே கிடைப்பது என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றுக்கு மேலுள்ள பட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராயல் ஆர்ச், மார்க், நைட்ஸ் டெம்ப்ளர், 33 பட்டங்கள் கொண்ட ஸ்காட்டிஷ் ரைட் என்று பக்கத்துக் கிளைகள் ஏராளம். ஸ்காட்டிஷ் ரைட்டின் முதல் உச்ச மன்றம் 1801-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் அமைந்தது. 33 என்ற எண்ணைக் கேட்டவுடன் மாஸ்டர் மேசனைவிட 30 படி மேலே ஒருவர் உட்கார்ந்திருப்பதாக வெளியார் நினைக்கிறார்கள், அது சரியில்லை. லாட்ஜுக்குள் மாஸ்டர் மேசனுக்கு மேல் பட்டம் கிடையாது. அந்தக் கிளைகளில் சில நல்ல நாடகங்கள் இருப்பதாக நண்பர்கள் கூறுகிறார்கள். ஆனால் பதக்கங்களையும் ஏப்ரன்களையும் சேர்க்கத் தொடங்கி, தாய் லாட்ஜில் முதல் பட்டத்தின் விடைகளைக்கூட மறந்துபோனவர்களையும் பார்க்கிறேன். ஒவ்வொரு கிளைக்கும் தனிச் சந்தா, தனி உடை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

செலவைப் பொறுத்தவரை நுழைவுக் கட்டணம், ஆண்டுச் சந்தா, ஏப்ரன், கறுப்பு உடை, விருந்துக்கான பங்கு, நன்கொடை என்று தனித்தனியாக வரும். மொத்தத்தைச் செயலாளரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வியாபாரத் தொடர்புக்காகச் சேர்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். தீட்சைக்கு முன், ஆதாயம் கருதி வரவில்லை என்று எல்லார் முன்னிலையிலும் கூற வேண்டியிருக்கும், அதைப் பொய்யாகச் சொல்லிவிட்டு உள்ளே போவதில் என்ன இருக்கிறது? மனப்பாடம் அறவே வராது என்பவர்களும் தயங்கவேண்டாம். எனக்கும் வராது, ஆனாலும் வந்தது. பழைய உறுதிமொழிகளில் இருந்த உடல் தண்டனை பற்றிய கொடூர வாசகங்களைக் கேள்விப்பட்டு அஞ்சுகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஐக்கிய பெரும் லாட்ஜ் அவற்றை 1986-இலேயே உறுதிமொழியிலிருந்து எடுத்துவிட்டது.

சேரும் முன் லாட்ஜின் செயலாளரைச் சந்திப்பீர்கள். அப்போது கட்டடத்தின் பழமையையும் முன்னாள் உறுப்பினர்களின் புகழையும் அவர் சொல்லுவார்; கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு சென்ற ஓராண்டின் கூட்ட அழைப்பிதழ்களைக் காட்டச் சொல்லுங்கள். அவற்றில் பட்டமளிப்புகள் மட்டுமே இருக்கின்றனவா, அல்லது வரைபலகை உரைகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சடங்குகளை ஒத்திகை பார்க்கும் பயிற்சி லாட்ஜ் என்று ஒன்று நடக்கிறதா, வாரம் ஒருமுறையா மாதம் ஒருமுறையா என்று கேளுங்கள். லண்டனில் 1823 முதல் நடந்துவரும் எமுலேஷன் பயிற்சி லாட்ஜில் ஒரு சடங்கைப் பிழையின்றி, எவரும் எடுத்துக்கொடுக்காமல் நடத்துகிறவருக்கு வெள்ளியில் செய்த தீப்பெட்டி உறை ஒன்றைப் பரிசாகத் தருவார்கள். அந்த அளவுக்கு உங்கள் லாட்ஜ் போக வேண்டியதில்லை, ஆனால் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பார்களா என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். கடைசியாக, முதல் பட்டத்துக்குப் பின் உங்களோடு உட்காரப் போகிறவர் யார் என்று பெயரைக் கேளுங்கள். பெயர் உடனே வந்தால் விண்ணப்பத்தில் கையெழுத்திடலாம். 'அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால், பக்கத்தில் இன்னொரு லாட்ஜ் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.